இடியின் தூரம் காட்டும் கடிகாரம்: ஒரு பழைய டயலை மீட்டுச் செய்து பார்த்த அனுபவம்

ஆடியில் தொடங்கிய வேலை ஐப்பசியில் ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். என்னிடம் உள்ள பழைய கடிகாரங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1940களில் செய்யப்பட்ட ஒரு சுவிஸ் குரோனோகிராஃப், அதாவது பொத்தானை அழுத்தி நொடிகளை அளக்கும் வசதியுள்ள கைக்கடிகாரம். அதன் டயல் விளிம்பில் டெலிமீட்டர் என்னும் அளவுகோல் அச்சிடப்பட்டிருக்கிறது. தொலைவில் பீரங்கி வெடிக்கும் வெளிச்சம் தெரிந்ததும் மேல் பொத்தானை அழுத்தி, ஓசை கேட்டதும் மறுபடி அழுத்தினால், நடு முள் நிற்கும் இடத்தில் தூரத்தைக் கிலோமீட்டரில் படித்துக்கொள்ளலாம். கும்பகோணத்தின் ஈரக்காற்றில் அந்த டயல் முற்றிய வெற்றிலையைப் போல மஞ்சளித்துவிட்டது. பழைய டயலுக்கு மறுவண்ணம் பூசுவது அதை அழிப்பதற்குச் சமம் என்பது என் கருத்து. ஆகவே அதைத் தொடாமல், அதன் எண்ணத்தை மட்டும் எடுத்துப் புதிதாக ஒன்றைச் செய்ய முடிவு செய்தேன்.

பழைய குரோனோகிராஃப் வடிவங்களை மீட்க விரும்புவோர் பெரும்பாலும் வேகத்தை அளக்கும் டாக்கிமீட்டர் அளவுகோலையே நாடுகிறார்கள். 1957இல் வந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் அந்த அளவுகோலை டயலிலிருந்து வெளிவளையத்துக்கு மாற்றியதிலிருந்து அது அழகுக்கான அடையாளமாகவே ஆகிவிட்டது. 3600ஐ நொடிகளால் வகுத்து வேகம் சொல்லும் அந்த வளையத்தை இங்கே கையில் கட்டியிருப்பவர் யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. டெலிமீட்டருக்கோ இந்த மண்ணில் வேலை இருக்கிறது. சம்பா நடவு நடக்கும் புரட்டாசி, ஐப்பசி மாலைகளில் ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளியில் ஆட்கள் குனிந்து நிற்கும்போதுதான் இடிமழையும் வருகிறது. மரம் இருந்தாலும் அதனடியில் ஒதுங்குவது ஆபத்து.

இயந்திரத்துக்கு அதிகம் தேடவில்லை. சுவிட்சர்லாந்தின் வீனஸ் 175 இயந்திரத்தின் வழித்தோன்றலாகிய சீகல் எஸ்டி19 இன்றும் சீனாவின் தியான்ஜினில் உற்பத்தியாகிறது; சாவி கொடுத்து ஓட்டுவது, பொத்தான்களின் அழுத்தத்தை ஓட்டம், நிறுத்தம், திருப்பல் என்று மாற்றித் தரும் தூண் சக்கரம் உடையது. மூலம் மணிக்கு 18,000 துடிப்பில் ஓடியது, இது 21,600 துடிப்பில் ஓடுகிறது. அதாவது ஒரு துடிப்பு ஆறில் ஒரு நொடி, ஒலியின் கணக்கில் 58 மீட்டர். பொத்தானை அழுத்தும் விரலின் தாமதமே இதைவிட அதிகம் என்பதால் இந்த நுட்பம் தாராளமாகப் போதும்.

அதிக நாள் எடுத்துக்கொண்டது அளவுகோல்தான். ஒலி 0 டிகிரி காற்றில் நொடிக்கு 331 மீட்டர் செல்லும். 28 டிகிரியில் 348 மீட்டர் செல்லும். குளிர்நாட்டுக் கணக்கில் வரைந்த வளையத்தை அப்படியே நகலெடுத்தால், நம் ஊரில் முள் 12 நொடியில் நிற்கும்போது 4.18 கிலோமீட்டர் என்று காட்ட வேண்டியது 3.97 என்று காட்டும். ஆகவே ஒரு கிலோமீட்டருக்கு 2.87 நொடி, டயலில் 17.2 டிகிரி கோணம் என்று வைத்துக் கோடுகளைப் புதிதாக வரைந்தேன். அதற்கு மேல் இடி கேட்பது அரிது என்பதால் 15 கிலோமீட்டரோடு வளையத்தை நிறுத்திவிட்டேன். பக்கத்து ஊர்த் திருவிழா வாணவேடிக்கையை எங்கள் மாடியிலிருந்து காற்றில்லாத இரவில் அளந்தேன். வரைபடத்தில் 3.2 கிலோமீட்டர், எட்டு வெடிகளின் சராசரி 9.3 நொடி. என் கணக்குப்படி 9.2 வர வேண்டும், பழைய கணக்குப்படி 9.7 வர வேண்டும். அன்றிரவு மகிழ்ச்சியில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

டயலுக்கான 0.4 மில்லிமீட்டர் பித்தளைத் தகட்டை நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குக் கடைசல் செய்யும் ஒருவர் வட்டமாக வெட்டித் தந்தார். அதன் மேல் வெண்சந்தன நிறம் பூசி, நீரில் நனைத்து ஒட்டும் அச்சுத்தாளால் கோடுகளையும் எண்களையும் பதித்தேன். பழைய நிறுவனம் எதன் பெயரையும் இடவில்லை; ‘கி.மீ.’ என்ற எழுத்து மட்டும் உண்டு. தமிழ் எண்களை இட ஆசை இருந்தது. ஆனால் மழைத் தூறலில் ஒரே பார்வையில் படிக்க வேண்டிய கருவிக்கு அது பொருந்தாது என்று விட்டுவிட்டேன்.

முதல் பூட்டலில் நடு முள் தவறியது. பத்துப் பன்னிரண்டு முறை பூஜ்யத்துக்குத் திருப்பியதும் முள் இரண்டு நொடி தள்ளி நின்றது. அது 700 மீட்டர் பிழை. முள்ளின் அச்சில் அரசிலை வடிவத்தில் ஒரு சிறு தட்டு இருக்கிறது. கீழ்ப் பொத்தானை அழுத்தும்போது ஒரு சுத்தி அதன் மேல் விழுந்து, தட்டு எந்த நிலையில் இருந்தாலும் அதைச் சுழற்றித் தொடக்க இடத்துக்குக் கொண்டுவருகிறது. அந்தத் திடீர் அடியில் தட்டு நின்றாலும், பிடிப்பில்லாத முள் வழுக்கி அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். பெரிய கடைத்தெருவில் ஐம்பது ஆண்டுகளாகக் கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, “தம்பி, மொதல்ல பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துட்டு, அடியில கல்லுக்குத் தாங்கல் குடுத்துட்டு முள்ள அமுக்குங்க” என்றார். கல் என்று அவர் சொன்னது முள்ளின் அச்சு முனையைத் தாங்கும் சிறு மணிக்கல்லை. பிறகு முள்ளின் குழலைச் சாமணத்தால் பிடித்து மயிரிழை அளவு நெருக்கித் தந்தார். அதன்பின் 200 முறை திருப்பிப் பார்த்தேன், முள் அசையவில்லை.

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குக் குறைந்தால் கட்டடத்துக்குள் போய்விட வேண்டும், கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும் என்ற விதி பல நாடுகளில் கற்பிக்கப்படுகிறது. இடி கேட்டாலே உள்ளே போவது இன்னும் நல்லது. இந்தக் காத்திருப்புக்கு, 3 மணி இடத்தில் உள்ள 30 நிமிடச் சிறுவட்டம் அப்படியே உதவுகிறது: ஒவ்வோர் இடிக்கும் நிறுத்தித் திருப்பி ஓட்டிவிட்டால், சிறுமுள் ஒரு சுற்று முடிக்கும் வரை வயலில் இறங்கக் கூடாது. இந்தச் சிறுவட்டத்தில் 24ஆம் நிமிடத்தில் ஒரு நாழிகைப் புள்ளி வைத்திருந்தேன். அவசரத்தில் அதையே முடிவென்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்பதால், மனம் வராமல் அழித்துவிட்டேன்.

சென்ற வாரம் மாலை நான்கு மணிக்கு வடமேற்கே வெட்டிய மின்னலுக்கு முள் 11 கிலோமீட்டருக்குச் சற்று முன்னால் நின்றது. அடுத்தது 8, அதற்கடுத்தது 5. இரண்டாவது அளவிலேயே வரப்பில் நின்ற சித்தப்பாவையும் நடவு ஆட்களையும் ஊர் நூலகக் கட்டடத்துக்குள் அனுப்பிவிட்டேன். நனைந்த கையோடு பொத்தானை அழுத்தியதில் கண்ணாடியின் உட்புறம் லேசாகப் பனித்திருந்தது. பொத்தான் குழலுக்குள் பொருந்தும் ரப்பர் வளையத்தைத் தேடுவதுதான் கார்த்திகைக்கு முன் நான் முடிக்க வேண்டிய வேலை.