டெம்பியில் ஐஸ் ஹாக்கி: இந்தக் கூட்டம் நிலைக்குமா?

அரிசோனா போகிறவர்கள் கிராண்ட் கேன்யனைப் பார்த்துவிட்டு வருவார்கள். நானும் பார்த்தேன். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால், யாரும் அவ்வளவாக எழுதாத ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: டெம்பி ஊரில் ஒரு கல்லூரி அணி ஆடும் ஐஸ் ஹாக்கி.

அக்கா குடும்பம் சாண்ட்லரில் இருக்கிறது. அக்கா மகன் பக்கத்திலேயே டெம்பியில், அரிசோனா ஸ்டேட் யூனிவர்சிட்டியில் இன்ஜினியரிங் படிக்கிறான். அக்டோபர் மாதம். சாயங்காலம் ஆறு மணிக்கும் வெளியே 35 டிகிரி. "மாமா, ஜெர்க்கின் எடுத்துக்கோங்க" என்று அவன் சொன்னபோது கிண்டல் செய்கிறான் என்றுதான் நினைத்தேன். மைதானத்துக்குப் போகும் வழியில் பார்த்தால், அரை டிராயரும் செருப்பும் போட்ட பையன்கள் எல்லோர் தோளிலும் கம்பளிச் சட்டை தொங்குகிறது.

ஹாக்கி என்றால் எனக்குக் கோவில்பட்டிதான். அந்த ஊரில் ஆட்டம் பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரு காலத்தில் மட்டை பிடித்தவர்கள், மீதிப்பேரின் வீட்டில் யாராவது பிடித்திருப்பார்கள். அதனால் பாலைவனத்து ஊரில், பிறந்ததிலிருந்து பனியையே பார்க்காத ஆட்களுக்கு நடுவில், பத்தே வருடத்தில் ஒரு ஐஸ் ஹாக்கி அணிக்கு ரசிகர்கள் சேர்வார்களா, சேர்ந்தாலும் நிற்பார்களா என்பதுதான் உள்ளே நுழையும்போது என் மனதில் இருந்த கேள்வி.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஸ் ஹாக்கி இங்கே பல வருடம் மாணவர்கள் தாங்களே காசு போட்டு நடத்திய கிளப்பாகத்தான் இருந்தது. 2014இல் அந்தக் கிளப் அணி தேசியக் கோப்பையை வென்றது. அதே வருடம் நவம்பரில், 32 மில்லியன் டாலர் நன்கொடை வந்திருப்பதாகவும், அணியை, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் முதல் டிவிஷனுக்குக் கொண்டுபோகப் போவதாகவும் பல்கலைக்கழகம் அறிவித்தது. பயிற்சியாளர் கிரெக் பவர்ஸ் அதே கிளப்பில் கோல் கீப்பராக ஆடியவர். கிளப்பை நடத்தியவரே பெரிய அணிக்கும் பயிற்சியாளர் ஆனார். ஆட்டம் நடந்த இடமோ ஓஷன்சைட் ஐஸ் அரீனா. கடற்கரைப் பெயர்தான், கடல் எங்கோ கிடக்கிறது. ஆயிரம் பேர்கூட உட்கார முடியாத அந்தப் பழைய கூடத்தில் ஆடிக்கொண்டே 2019இல் தேசியப் போட்டிக்குத் தகுதி பெற்றார்கள். முதல் ஆட்டத்திலேயே குவினிபியாக்கிடம் 2-1 என்று தோற்றார்கள் என்பது வேறு விஷயம். அப்புறம் 2022 அக்டோபரில்தான் சுமார் 5,000 பேர் உட்காரக்கூடிய மல்லெட் அரீனா திறந்தது. செலவு ஏறத்தாழ 134 மில்லியன் டாலர்.

உள்ளே போனதும் முதலில் தெரிவது குளிர் இல்லை, நெருக்கம். எந்த இருக்கையில் உட்கார்ந்தாலும் பனித்தளம் காலடியில் இருக்கிற மாதிரிதான். ஆட்டக்காரன் ஒருவன் இன்னொருவனை ஓரத்துக் கண்ணாடியில் தள்ளி மோதும்போது, அந்த 'டம்' ஓசை பெஞ்சு வழியாக முதுகுக்கு வருகிறது. மாணவர்கள் கோலுக்குப் பின்னால் நிற்கிறார்கள். உட்காருவது அங்கே வழக்கமில்லை போல. கட்டைவிரலால் மோதிர விரலை மடக்கி, மற்ற மூன்றையும் திரிசூலம் மாதிரி நீட்டிக் காட்டுவதுதான் அவர்கள் அடையாளம். சொந்த அணி கோல் போட்டுவிட்டால் எதிரணி கோலியை நோக்கி அத்தனை விரல்களும் நீளும், "சல்லடை! சல்லடை!" என்று கூச்சல் போடுவார்கள், எதையும் தடுக்காமல் ஒழுகவிடுகிறவன் என்று அர்த்தம். பாவம், அந்தப் பையனுக்கும் இருபது, இருபத்தொன்றுதான் வயது இருக்கும். இந்தக் கூச்சல் டெம்பிக்காரர்கள் கண்டுபிடித்ததில்லை, நாடு முழுக்கக் கல்லூரி ஹாக்கியில் உள்ளதுதான் என்று அக்கா மகன் சொன்னான். அதாவது, ரசிகராக இருப்பது எப்படி என்பதையே இங்கே வெளியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்திருக்கிறது.

இன்னொன்றும் புதிதாக இருந்தது. பெரும்பாலும் வெள்ளி, சனி இரண்டு நாளும் அதே எதிரணியோடுதான் ஆட்டம். வெள்ளிக்கிழமை ராத்திரி தோற்றுவிட்டு வெளியே வந்தோம். சனிக்கிழமை திரும்பப் போனால், முந்தைய நாள் நம் ஆளைக் கீழே தள்ளியவன் எண் என்ன என்பது அரங்கத்தில் பாதிப்பேருக்கு ஞாபகம் இருக்கிறது. அவன் பக் (பனியில் தள்ளி ஆடும் ரப்பர் வட்டு) அருகே வந்தாலே ஊளை. பகை வளர ஒரு ராத்திரி போதும்.

எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். அப்பா போட்டிருந்த ஜெர்சி இந்தக் கல்லூரியுடையது இல்லை, அரிசோனா கயோட்டீஸுடையது. இப்படி இன்னும் நிறையப் பேர். இதைப் புரிந்துகொள்ள அந்தக் கதையும் வேண்டும்.

கயோட்டீஸ், வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.லில் ஆடிய அணி. 1996இல் கனடாவின் வின்னிபெக்கிலிருந்து ஃபீனிக்ஸுக்கு வந்தது. பிறகு மேற்குப் பக்கம் கிளெண்டேலில் பெரிய அரங்கத்தில் ஆடியது. 2022இல் அந்த ஒப்பந்தம் முடிந்து வெளியேற வேண்டி வந்ததும், போக இடமில்லாமல், புதிதாகக் கட்டிய இந்தக் கல்லூரி அரங்கத்துக்கே வாடகைக்கு வந்துவிட்டது. மற்ற என்.ஹெச்.எல். அணிகள் 15,000, 18,000 பேர் முன்னால் ஆடும்போது இவர்கள் 5,000 பேர்கூட இல்லாத கூடத்தில் ஆடினார்கள். சொந்த அரங்கம் கட்டும் திட்டத்தை 2023 மே மாதம் டெம்பி மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். 2024 ஏப்ரல் 17 அன்று எட்மன்டனை 5-2 என்று ஜெயித்ததுதான் கடைசி ஆட்டம். அணி யூட்டாவுக்குப் போய்விட்டது.

இருபத்தெட்டு வருடம் இருந்த அணி ஊரைவிட்டுப் போக, அதன் வீட்டுச் சொந்தக்காரக் கல்லூரிப் பையன்கள் அதே தளத்தில் தொடர்ந்து ஆடுகிறார்கள். தொழில்முறை அணியின் முதலாளி நினைத்தால் மூட்டை கட்டலாம். பல்கலைக்கழகம் எங்கே போகும்? ரசிகன் தன் பிள்ளைக்கு ஜெர்சி வாங்குவதற்கு முன் யோசிக்கிற முதல் விஷயம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கயோட்டீஸ் ஜெர்சிக்காரர்கள் இங்கே வந்து உட்காருவதற்கு ஹாக்கி ஆசை ஒரு காரணம் என்றால், இனி ஒருமுறை ஏமாற முடியாது என்பது இன்னொரு காரணமாக இருக்கும்.

ஆனால் கல்லூரியே நிலையாக இருப்பதால் அணியும் நிலைக்கும் என்று சொல்லிவிட முடியாது. அலபாமாவில் ஹன்ட்ஸ்வில் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதுவும் வெயில் ஊர்தான். 2007, 2010 இரண்டு முறை தேசியப் போட்டிவரை போன அணி அது. உயிரைக் கொடுத்துக் கத்தும் ரசிகர்களும் இருந்தார்கள். ஆடிய லீக் கலைந்தது, வேறு எந்த லீக்கும் சேர்த்துக்கொள்ளவில்லை. 2021இல் அணியை நிறுத்திவிட்டார்கள். ரசிகர் இருந்தும், எதிர்த்து ஆட ஆளில்லாமல் போன கதை.

அரிசோனா ஸ்டேட்டும் வெகுகாலம் எந்த லீக்கிலும் இல்லாத தனியாள்தான். கொரோனா சீசனில் (2020-21) சொந்த ஊரில் ஒரு ஆட்டம்கூட இல்லாமல், பிக் டென் என்ற இன்னொரு லீக்கின் அணிகளுடைய ஊர் ஊராகப் போய் ஆடிவிட்டு வந்தார்கள். லீக் இல்லையென்றால் புள்ளிப் பட்டியல் இல்லை; பட்டியல் இல்லையென்றால் பிப்ரவரி மாத ஆட்டத்தைப் பார்க்க எதற்காக வருவான் ஒருவன்? 2024-25இல்தான் நேஷனல் காலேஜியேட் ஹாக்கி கான்ஃபரன்ஸில் இடம் கிடைத்தது. டென்வர், வடக்கு டகோட்டா, மினசோட்டா டுலூத் எல்லாம் இருக்கிற லீக். சேர்ந்த முதல் வருடமே இரண்டாம் இடம். முதல் இடம் பிடித்த வெஸ்டர்ன் மிச்சிகன்தான் அந்த வருடம் தேசிய சாம்பியனும் ஆனது என்றால் லீக்கின் தரத்தைப் புரிந்துகொள்ளலாம். என்னைக் கேட்டால், அரங்கத்தைவிட, நன்கொடையைவிட, இந்த அணிக்கு நடந்த நல்ல காரியம் இதுதான்.

இடைவேளையில் பக்கத்து இருக்கைப் பெரியவரோடு பேச்சு வாய்த்தது. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் பச்சைத் தொப்பி, வடக்கு டகோட்டா அணியுடையது. அன்றைக்கு ஆடியது வேறு அணி. ஆனாலும் தொப்பியைக் கழற்றுவதாக இல்லை. கிராண்ட் ஃபோர்க்ஸ்காரராம். அங்கே குளிர் தாங்காமல் வருடாவருடம் குளிர்காலத்துக்கு இங்கே வந்துவிடுகிற கூட்டத்தில் ஒருவர். அந்த ஊர் மக்கள்தொகை 60 ஆயிரத்தைத் தொடாது, ஹாக்கி அரங்கத்திலோ 11,000 பேருக்கு மேல் உட்காரலாம். எட்டு முறை தேசிய சாம்பியன். மூன்று தலைமுறையாகத் தன் வீட்டில் அந்த அணிதான் என்றார். டெம்பி அணியின் ஆட்டங்களுக்கும் இங்கே சீசன் டிக்கெட்டே வைத்திருக்கிறார். "உங்க ஊர் அணி இங்கே ஆட வந்தால் யார் பக்கம்?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தொப்பியைத் தட்டிக் காட்டினார்.

பிரச்சினை அதுதான். ஃபீனிக்ஸ் பக்கம் முழுக்க வேறு ஊரிலிருந்து வந்தவர்கள். மினசோட்டா, மிச்சிகன், டகோட்டா ஆட்கள் ஏராளம். ஹாக்கி தெரிந்த கூட்டம் கையோடு கிடைக்கிறது, ஆனால் அவர்கள் மனசு வேறொரு அணிக்கு எப்போதோ பட்டா போட்டுக் கொடுத்தாகிவிட்டது. பெரிய எதிரணி வரும் வாரம் அரங்கம் நிரம்பும். நிரப்பியது யார் என்று பார்க்க வேண்டும்.

மாணவர் கூட்டத்துக்கும் வேறு விதத்தில் இதே கதி. வீடு திரும்பும்போது அக்கா மகனிடம் கேட்டேன், "படிச்சு முடிச்சப்புறம் மேட்சுக்கு வருவியா?"

"சியாட்டில்ல வேலை கிடைச்சா எப்படி மாமா வர்றது? ஸ்கோர் பார்ப்பேன்."

நாலு வருடத்துக்கு ஒருமுறை கோலுக்குப் பின்னால் நிற்கிற முகம் அத்தனையும் மாறிவிடும். தளத்தில் ஓடுகிற முகங்களும் அப்படித்தான், இப்போது அதைவிட வேகமாக. டிரான்ஸ்ஃபர் விதிகள் தளர்ந்ததிலிருந்து ஒரு வருடம் ஆடிவிட்டு வேறு கல்லூரிக்குப் போகிற பையன்கள் அதிகம். கல்லூரி ஹாக்கியில் முகம் முழுக்க மறைக்கிற ஹெல்மெட் கட்டாயம் என்பதால், அவன் முகமே நமக்குப் பாதிதான் தெரியும். பெயர் பழகுவதற்குள் ஆள் காணோம். எதைப் பிடித்துக்கொண்டு ரசிகனாக இருப்பது?

இதற்குப் பதில் மாதிரி ஒன்றைச் சனிக்கிழமை காலையில் பார்த்தேன். பெரிய அரங்கத்தை ஒட்டியே ஒரு பயிற்சிக்கூடம் இருக்கிறது, ஊர்ப் பிள்ளைகளுக்கானது. ஐந்து, ஆறு வயதுப் பொடிசுகள் தலையைவிடப் பெரிய ஹெல்மெட்டோடு தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். விழுவது, எழுந்திருக்கும்போதே திரும்ப விழுவது, அதைப் பார்த்து இன்னொன்று சிரித்துக்கொண்டே விழுவது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் காபிக் கோப்பையோடு பெற்றோர். முந்தைய ராத்திரி பார்த்த கயோட்டீஸ் ஜெர்சி அப்பாவும் அங்கே இருந்தார். மகள் இங்கேதான் பழகுகிறாளாம். பெரியவர்களின் ஆட்டத்துக்கு வருவதே அவள் பிடிவாதத்தால்தான் என்றார்.

ஊர் இப்படி ஆட்டக்காரர்களை உருவாக்கும் என்பது ஏற்கனவே நடந்து காட்டிய விஷயம். ஸ்காட்ஸ்டேலில் வளர்ந்த ஆஸ்டன் மேத்யூஸ் 2016இல், என்.ஹெச்.எல். அணிகள் இளம் ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டார். கயோட்டீஸின் நீண்டநாள் கேப்டன் ஷேன் டோனின் மகன் ஜோஷ் டோன் இந்தக் கல்லூரியில் ஆடி, பிறகு கயோட்டீஸுக்கு இதே மல்லெட் அரீனாவில் முதல் என்.ஹெச்.எல். ஆட்டம் ஆடி இரண்டு கோல் போட்டார். அப்படி ஒரு பையனைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஹெல்மெட் ஒரு தடையே இல்லை, முகம் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

பென்சில்வேனியாவில் பென் ஸ்டேட் கதையையும் இங்கே ஒப்பிட்டுப் பேசுவார்கள். 2012இல் முதல் டிவிஷனுக்கு வந்து, 2013இல் 100 மில்லியன் டாலருக்கு மேல் வந்த நன்கொடையின் பலத்தில் அரங்கம் திறந்து, 2025இல் தேசிய அரையிறுதி வரை போனார்கள். ஆனால் அது மூச்சுக்கு முந்நூறு முறை கல்லூரிப் பெயரைச் சொல்கிற ஊர். சுற்றிலும் வேறு பொழுதுபோக்கு குறைவு. ஃபீனிக்ஸில் கூடைப்பந்து, பேஸ்பால், அமெரிக்கக் கால்பந்து எல்லாம் தொழில்முறை அணிகளோடு இருக்கின்றன. அரிசோனா ஸ்டேட்டுக்கு அந்தப் பாதை பொருந்தாது.

என் கணிப்பு: நிலைக்கும், ஆனால் இந்த 5,000 பேர் அளவுக்குத்தான். 12,000 இருக்கை கட்டியிருந்தால் பாதி காலியாகக் கிடந்து, காலியாகக் கிடப்பதே செய்தியாகி, வருகிறவனும் வராமல் போயிருப்பான். சின்னதாகக் கட்டியவர் யாரோ கெட்டிக்காரர். தொடர்ந்து மூன்று சீசன் தோற்றால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு இருக்கிற ஒரே சந்தேகம். அந்தச் சோதனை வரும்போது கோலுக்குப் பின்னால் உள்ள கூட்டத்தைப் பார்க்க வேண்டாம், நடுவில் குடும்பத்தோடு உட்காரும் இருக்கைகளைப் பார்த்தால் போதும்.

போக நினைக்கிறவர்களுக்கு: காரில் போனால் பார்க்கிங்குக்குத் தனியாக அழ வேண்டும், அமெரிக்கக் கால்பந்து ஆட்டமும் அதே நாளில் இருந்தால் அதுவும் கிடைக்காது. ஃபீனிக்ஸ் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு லைட் ரெயில் உத்தமம்; இறங்கி நடந்துவிடலாம். வெள்ளியைவிடச் சனிக்கிழமை ஆட்டம் சூடாக இருக்கும். முடிந்தால் வடக்கு டகோட்டா வருகிற வாரமாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். அன்றைக்கு அரங்கத்தில் எந்த நிறம் அதிகம் என்று எண்ணிப் பார்த்து எனக்கும் சொல்லுங்கள்.