இவ்விலை எத்தனை நாளுக்கு?

போன கிழமை பொறியியல் படிக்கிற பிள்ளை ஒண்டு தாளும் பேனையுமாய் வீட்டு வாசலுக்கு வந்தது. கிளிநொச்சி வளாகத்தில இறுதி வருசமாம். யாழ்ப்பாணத்தில என்னை மாதிரி வீடு கட்டுற சின்னக் கொந்தராத்துக்காரருக்கு வருங்காலத்தில எவ்வளவு நம்பிக்கை இருக்கெண்டு ஆய்வு செய்யுதாம். மொத்தம் 22 கேள்வி. எல்லாத்துக்கும் ஒண்டிலயிருந்து அஞ்சுக்குள்ள ஒரு இலக்கத்தில வட்டம் போடவேணும். "அடுத்த 12 மாதத்தில நாட்டின்ர பொருளாதாரம் எப்பிடியிருக்கும்?" எண்டதுக்கு மூண்டில போட்டன். அடுத்ததுக்கும் மூண்டு. அதுக்கடுத்ததுக்கும் மூண்டு.

"அங்கிள், எல்லாத்துக்கும் மூண்டு போட்டா நான் என்னத்தை எழுதிறது?" எண்டு பிள்ளை சிரிச்சுது.

மத்திய வங்கியும் மாதாமாதம் கட்டுமானக் கொம்பனியளிட்ட இதே மாதிரித்தான் விசாரிக்கிறதாம். புது வேலை கிடைச்சதோ, ஆக்களைக் கூட்டினதோ, சாமான் வாங்கினது கூடவோ குறையவோ எண்டு. மறுமொழியளைச் சேர்த்து ஒரு சுட்டெண் போடுவினமாம். 50க்கு மேலயெண்டா தொழில் வளருது, கீழயெண்டா சுருங்குது. என்னை மாதிரி நாலு மேசன்மாரோட திரியிறவனை அவையள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தா, வேலைக்கு முதல் நான் எழுதிக் குடுக்கிற விலைமனுக்களின்ர பழைய கோப்பைத்தான் தூக்கிக் குடுத்திருப்பன். அண்டைக்குப் பிள்ளைக்கும் அதைத்தான் எடுத்துக்கொண்டுவந்து காட்டினன்.

நான் குடுக்கிற ஒவ்வொரு விலைமனுவின்ர அடியிலயும் ஒரு வரி இருக்கும்: "இவ்விலை இத்தனை நாட்களுக்கு மட்டும் செல்லுபடியாகும்." 2019இல 90 நாள். 2021 கடைசியில 60. 2022 ஏப்ரலில குடுத்த ஒண்டில நாள் கணக்கே இல்லை, "இன்று மட்டும்" எண்டு கையால எழுதியிருக்கு. 2023இல 7 நாள். போன மாதம் 30. பிள்ளை தன்ர கேள்வித்தாளை மடிச்சு வைச்சிட்டுக் கோப்பைப் படமெடுக்கத் தொடங்கிச்சுது.

அந்த 60 நாள் விலைமனுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். உடுவில் பக்கம் ஒரு வாத்தியார் வீடு. 2021 கார்த்திகையில கையெழுத்து வைச்சம், சாமானும் கூலியுமாய் முழுக் கொந்தராத்து, 94 லட்சம், விலை மாற்றமில்லை எண்டு உடன்படிக்கையில ஒரு வரி. அந்த வரியை எழுதச் சொன்னதே நான்தான். வாத்தியார் பயந்த சுபாவம், அவருக்குத் தெம்பாயிருக்கட்டும் எண்டு. தை பிறக்க அத்திவாரம் வெட்டினம். நிலை வைச்சு, யன்னலுக்கு மேல கொங்கிறீற் வளையம் போடுற நேரம் மார்ச் மாதம். 203 ரூபாயில கட்டி வைச்சிருந்த டொலரை மத்திய வங்கி அவிட்டு விட்டுது. மே நடுப்பகுதியில 360ஐத் தாண்டிச்சுது. நான் சீமெந்துக்கு ஆயிரத்தி முன்னூறு சொச்சம் பிடிச்சுக் கணக்குப் போட்டிருந்தன். அந்த வருச நடுவில ஒரு பை மூவாயிரத்தைத் தொட்டுது. கம்பி விலையைக் கடைக்காரர் ரெலிபோனில சொல்லவே மாட்டினம், நேர வரச் சொல்லுவினம். நேர போகப் பெற்றோல் இல்லை.

கலவை மிசினுக்கு டீசலில்லாமல் கையால குழைச்சம். பூச்சு மேசன் ஒருத்தர் அச்சுவேலியிலயிருந்து சைக்கிளில வந்தார், அம்பத்தாறு வயசு.

ஒரு பின்னேரம் வாத்தியாரிட்டப் போனன். அவர் ஒண்டும் பேசேல்லை. அறைக்குள்ள போய் உடன்படிக்கையைக் கொண்டுவந்து கதிரைக் கையில வைச்சார். அவற்ர மனுசி தேத்தண்ணி தந்தா. சீனி தட்டுப்பாடான நேரம், ஆனா எனக்குப் போட்டிருந்தா. அந்தச் சீனிக்குப் பிறகு சண்டை பிடிக்கிறது எப்பிடி? ரெண்டு மணித்தியாலம் கதைச்சு ஒரு முடிவுக்கு வந்தம்: இனிச் சாமான் அவர் வாங்குவார், கூலி பழைய விலையிலயே நான் செய்வன். எனக்கு எட்டு லட்சத்துக்குக் கிட்ட நட்டம். மனுசியின்ர தாலிக்கொடி வங்கியில ஒண்டரை வருசம் அடகில கிடந்தது. அடுத்த வருசம் குடிபூரலுக்கு வாத்தியார் சொன்னவர், போனன், மேசன்மாருக்கு வேட்டி சால்வையும் குடுத்தவர். இப்பவும் கண்டாக் கதைப்பார், ரெண்டு பேரும் வீட்டைப் பற்றிக் கதைக்கிறதில்லை.

பெரிய அரச வேலையளுக்கு விலை ஏறினா ஈடு செய்ய ஒரு சூத்திரம் இருக்கு, மாதாமாதம் சாமான் விலைச் சுட்டெண் வெளியிட்டு அதால பெருக்கிக் குடுப்பினம். வீடு கட்டுறவனுக்கு அந்தச் சூத்திரமெல்லாம் இல்லை, வாத்தியாரின்ர முகம்தான் இருக்கு. அதுக்காக அரச வேலை சுகமெண்டு நினைக்கவேண்டாம். 2022 மாசியில ஒரு அலுவலகத்துக்கு மதில் கட்டி பில் குடுத்தன். காசு வந்தது 14 மாதத்துக்குப் பிறகு. அந்த 14 மாதமும் கணக்கில இருக்கிறதுக்கு மேல எடுத்த காசுக்கு, மேலதிகப் பற்றெண்டு, வங்கி என்னட்ட வட்டி வாங்கிச்சுது. அலுவலகம் எனக்கு ஒரு சதம் வட்டி தரேல்லை. வேலையில பழுது வந்தா எண்டு பில்லில பிடிச்சு வைச்ச 5 வீதத்துக்கு இன்னொரு வருசம் நடந்தன்.

என்னைக் காப்பாத்தினது கனடாவும் சுவிசும்தான். ரூபா விழுந்த உடன அங்கத்தைய காசு இங்க ஒண்டரை மடங்குக்கு மேலயாச்சுது. இருவது வருசமாய் "பாப்பம்" எண்டிருந்தவையெல்லாம் ஒரே மாதத்தில அறிஞ்ச ஆக்கள் மூலம் என்ர இலக்கத்தை எடுத்திட்டினம். வட்ஸ்அப்பில படம் வரும், குரல் பதிவு வரும், இரவு ரெண்டு மணிக்குக் குளியலறை மாபிள் நிறம் மாறும். வேலையைப் பாக்க ஒரு மாமி வருவா, ஒண்டும் சொல்லமாட்டா, எல்லாத்தையும் வீடியோ எடுத்து அனுப்புவா. அப்பிடிக் கட்டின ஆறு வீட்டில நாலு பூட்டிக் கிடக்கு. அதை நினைச்சாக் கொஞ்சம் மனவருத்தம்தான், ஆனா அந்தக் காசிலதான் கொடியை மீட்டன்.

எங்கட அப்பா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில வேலை செய்தவர், 1990இல அது மூடுமட்டும். வெள்ளைத் தூசோட வீட்டை வருவார். சீமெந்து விலை டொலரைப் பாத்து ஏறி இறங்குமெண்டு அவருக்கு ஆரும் சொல்லியிருந்தா நம்பியிருக்கமாட்டார்.

2025இல டொலர் 300 சுற்றில நிண்டுது. வட்டியும் 2022ஐ விட இறங்கியிருக்கு. 2024 தையிலயிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். நான் வரிக்குப் பதியாதவன், சாமானில கட்டுற வரியைத் திருப்பி எடுக்க வழியில்லை, வீட்டுக்காரரின்ர தலையில போகும். இதெல்லாம் கணக்கில அடங்கும். அடங்காதது ஆக்கள்.

2013இல இந்திய வீட்டுத்திட்டத்தில கிளிநொச்சிப் பக்கம் கூலி வேலை எடுத்துச் செய்த காலம், வீட்டுக்கு அஞ்சு லட்சத்து அம்பதினாயிரம் கட்டங்கட்டமாய்க் குடுப்பினம், எனக்குப் பின்னால 11 பேர் நிண்டவை. இப்ப நாலு பேர். ஆக இளையவருக்கு 41 வயசு. மாபிள் பதிக்கிறவர் சதுர அடிக்குக் கணக்கு, மின்சார வேலைக்காரர் பொயின்ற்றுக்குக் கணக்கு, மூண்டு இடத்தில ஒரே நேரம் வேலை பிடிச்சு வைச்சிருப்பினம். இவையும் கொந்தராத்துக்காரர்தான், நான் இவைக்கு முதலாளியில்லை. ஓய்வுக்காலத்துக்கு ஊழியர் சேமலாப நிதியெண்டு ஒண்டு கட்டினதுமில்லை, கேட்டதுமில்லை. இதைப் பிள்ளைக்குச் சொல்லேக்கை எனக்குக் கொஞ்சம் குற்றமாய்த்தான் இருந்தது.

14 வருசம் என்னோட நிண்ட மேசன் ஒருத்தன் 2023இல கட்டார் போட்டான். இங்க நாளுக்கு நாலாயிரத்துக்கு மேல குடுத்தனான். கூட்டிக் கழிச்சா அங்க பெரிசாய்க் கூட இல்லை. ஏன்ராப்பா போனனீ எண்டு ஒருநாள் ரெலிபோனில கேட்டன். "அண்ணை, இங்க 28ஆம் திகதி சம்பளம் போடுவாங்கள். போன வருசமும் 28, இந்த வருசமும் 28" எண்டான்.

பிள்ளை அதையும் எழுதிக்கொண்டு போச்சுது.

இப்ப மேசையில கிடக்கிறது கோப்பாயில ஒரு வீட்டுக்கான விலைமனு. மனுசி பின்னால நிண்டு பாத்தா. முதல்ல 45 நாள் எண்டு எழுதினன். பிறகு கீழ இன்னொரு வரி சேர்த்தன்: "கம்பி விலை 14 நாட்களுக்கு மட்டும்."