படத்துக்குக் கீழே இருக்க வேண்டிய பெயர்

போர் நடக்கும் இடங்களையும் அகதி முகாம்களையும் படமெடுக்கும் தொழிலில் 18 ஆண்டுகளாக இருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வர விரும்பும் இளைஞர்கள் எனக்கு எழுதும்போது கேமராவைப் பற்றியும் லென்ஸைப் பற்றியும் மோதல் நடக்கும் பகுதிக்குள் எப்படிப் போய்ச் சேர்வது என்பதைப் பற்றியுமே கேட்கிறார்கள். படக்குறிப்பை எப்படி எழுதுவது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என் அனுபவத்தில் இந்தத் தொழிலின் பாதி வேலை அதில்தான் இருக்கிறது. தொடக்க ஆண்டுகளில் நான் சரியாகச் செய்யாமல் விட்டு, இன்றும் நினைத்து வருந்துகிற வேலையும் அதுவே.

ஒரு முகாமின் பதிவு வரிசையில் நடந்ததைச் சொல்கிறேன். மழைநீர் தேங்கித் தொங்கிக்கொண்டிருந்த தார்ப்பாய்க்குக் கீழே, காய்ச்சலில் துவண்டு கிடந்த மகனை மடியில் போட்டுக்கொண்டு ஒரு தாய் உட்கார்ந்திருந்தார். சிறுவனின் மணிக்கட்டில் பதிவு எண் எழுதிய பிளாஸ்டிக் பட்டை கட்டியிருந்தார்கள். மெலிந்த கைக்கு அது பெரிதாக இருந்ததால் முழங்கைவரை ஏறிவிடும். அது ஏறிய ஒவ்வொரு முறையும் அவர் அதை மெல்ல மணிக்கட்டுக்கு இழுத்துவிட்டார். அனுமதி கேட்டு 11 படங்கள் எடுத்தேன். பெயரைக் கேட்டபோது, எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்த உள்ளூர் உதவியாளரிடமிருந்து பேனாவை வாங்கி, என் குறிப்பேட்டில் தம் கையாலேயே மூன்று பெயர்களை எழுதினார். முதலாவது அவருடையது, இரண்டாவது மகனுடையது, மூன்றாவது வரும் வழியில் இறந்துபோன மகளுடையது. அந்த மூன்றாவது பெயரை நான் கேட்கவில்லை. அன்றிரவே படத்தோடு மூன்று பெயர்களையும் அனுப்பினேன். வாங்கிய நாளிதழ் படத்தை நான்கு பத்தி அகலத்துக்கு வெளியிட்டு, கீழே ‘ஓர் அகதித் தாய்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தது.

இந்தக் குறை இந்தத் தொழிலில் மிகப் பழையது. 1936-இல் கலிஃபோர்னியாவின் நிப்போமோவில், பனியில் பயிர் கருகியதால் வேலையிழந்து நின்ற பட்டாணி பறிக்கும் கூலித் தொழிலாளர்களிடையே ஒரு தாயை டோரதியா லாங் படமெடுத்தார். அந்தப் பெண்ணின் பெயரையோ கதையையோ தாம் கேட்கவில்லை என்று அவரே பின்னாளில் எழுதினார். பெயர் வெளியே தெரிய 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. தெரிந்தபோது, உலகமே அறிந்த அந்தப் படத்தால் தமக்கு ஒரு காசும் கிடைத்ததில்லை என்று அந்தப் பெண் சொன்னார். 1984-இல் பெஷாவர் அருகே உள்ள முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்த பச்சைக் கண் சிறுமியின் பெயர் 2002-இல்தான் தெரியவந்தது. 1993 மார்ச்சில் சூடானில் கெவின் கார்ட்டர் எடுத்த, பசியால் சுருண்டு கிடக்கும் குழந்தையும் அருகே காத்திருக்கும் கழுகும் உள்ள படத்தைப் பார்த்த வாசகர்கள், குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டுக் குவித்தார்கள். அது உணவு மையத்தைச் சென்றடைந்ததா என்பது தெரியவில்லை என்றுதான் நியூயார்க் டைம்ஸால் சொல்ல முடிந்தது. கார்ட்டரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சூழ்நிலையில் நின்றவர்களுக்குத்தான் அது புரியும். ஆனாலும் வாசகர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

பெயரைத் தேடிப் போவது இரக்கத்துக்காக மட்டும் செய்யும் காரியம் அன்று. படம் உண்மையானது என்பதற்கு அதுவே சாட்சியும் ஆகிறது. 2022 மார்ச் 9 அன்று உக்ரைனின் மரியுபோல் நகரின் மகப்பேறு மருத்துவமனை குண்டுவீச்சில் சிதைந்தபோது, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் எவ்கெனி மலோலெட்காவும் ம்ஸ்திஸ்லாவ் செர்னோவும் அங்கே இருந்தார்கள். காயமடைந்த கர்ப்பிணி ஒருவரை இடிபாடுகளுக்கிடையே ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்லும் மலோலெட்காவின் படம் உலகெங்கும் பரவியது. உடனே ரஷ்யத் தரப்பினர், படங்களில் இருப்பவர் நடிகை என்றார்கள். அந்த இருவரும் மறுப்பு அறிக்கை எழுதி வாதாடிக்கொண்டிருக்கவில்லை. முற்றுகையிடப்பட்ட நகரத்துக்குள்ளேயே தங்கி, அங்கிருந்த கர்ப்பிணிகள் கொண்டுசெல்லப்பட்ட வேறொரு மருத்துவமனையைத் தேடிப் பிடித்தார்கள். அவர்களில் ஒருவர் பெண் குழந்தையைப் பெற்றிருந்தார். ஸ்ட்ரெச்சரில் இருந்தவரும் அவருடைய சிசுவும் இறந்துவிட்டதை அறுவை மருத்துவர் வாயிலாகவே உறுதிசெய்து வெளியிட்டார்கள். அந்தப் படம் 2023-இல் வேர்ல்டு பிரஸ் போட்டோ போட்டியில் ஆண்டின் சிறந்த படமானது. ஷட்டரை அழுத்திய பிறகு அவர்கள் நடந்த தூரத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

காஸாவின் கான் யூனிஸ் மருத்துவமனையில் 2023 அக்டோபர் 17 அன்று, துணியால் சுற்றப்பட்ட குழந்தையை அணைத்தபடி தரையில் குந்தியிருந்த பெண்ணை முகம்மது சலீம் எடுத்த படத்தில் இருவரின் முகமும் தெரியாது. ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் பிறகு அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்துப் பேசியதால்தான், இறந்தது அவருடைய உடன்பிறந்தாரின் ஐந்து வயதுக் குழந்தை என்று நமக்குத் தெரிகிறது.

உயிராபத்தைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருப்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2011-இல் லிபியாவின் மிஸ்ராட்டாவில் போர்ப் புகைப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் இரத்தப்போக்கால் இறந்தார். அதன்பின் தனித்து இயங்கும் பத்திரிகையாளர்களுக்கு முதலுதவி கற்பிக்கவே ஓர் அமைப்பு தொடங்கப்பட்டது. இரத்தப்போக்கை நிறுத்தக் கற்றுக்கொள்ளாதவர்கள் போர்முனைக்குக் கிளம்பக் கூடாது.

அதைவிட மெதுவாக நேரும் இழப்பு ஒன்று உண்டு. 1945 ஏப்ரலில் நாஜிகளின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குள் நுழைந்த புகைப்படக்காரர் ஜார்ஜ் ரோட்ஜர், பிணக் குவியல்களைப் படச்சட்டத்துக்குள் அழகாக அமைத்துக்கொண்டிருந்த தம்மையே கண்டு அதிர்ந்து, இனிப் போரைப் படமெடுப்பதில்லை என்று முடிவெடுத்தார். அந்த நிலைக்கு நானும் பக்கத்தில் போயிருக்கிறேன். வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று மனம் குதூகலித்த கணத்தில், எதிரே அழுதுகொண்டிருந்தவர் எனக்கு வெறும் வடிவமாகிப்போயிருந்தார். கேமராவை இறக்கிவிட்டுப் பெயரைக் கேட்டால் மட்டுமே அவர் மறுபடி மனிதராகிறார். அதனால் இப்போதெல்லாம் ஒவ்வொரு முகத்தையும் எடுத்தவுடன், பெயர் எழுதிய குறிப்பேட்டுப் பக்கத்தையும் ஒரு படம் எடுக்கிறேன். மெமரி கார்டில் இரண்டும் அடுத்தடுத்து நிற்பதால் இரவில் குழப்பம் வருவதில்லை.

எல்லாப் பெயர்களையும் அச்சிடலாம் என்று நான் சொல்லவில்லை. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்கள், பழிவாங்கப்படுவோம் என்று அஞ்சுகிறவர்கள், விவரமறியாத குழந்தைகள் ஆகியோரின் பெயரை வெளியிடுவது குற்றத்துக்குச் சமம். அவர்களிடமும் பெயரைக் கேட்டுத்தான் பேசுகிறேன். பிறகு அதை மறைக்கிறேன். தெரிந்து மறைப்பதும், கேட்கவே தோன்றாமல் ‘ஓர் அகதி’ என்று எழுதுவதும் ஒன்றாகா. உயிரைப் பணயம் வைத்து நம்மை அழைத்துச் செல்லும் உள்ளூர் உதவியாளர்களின் பெயர்களும் பெரும்பாலும் எங்கும் இடம்பெறுவதில்லை. அவர்கள் சம்மதித்தால் அவற்றையும் போட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். பாதி முறை நடக்கிறது.

அந்தத் தாயின் படக்குறிப்புக்காக நான்கு மாதம் மின்னஞ்சல் எழுதினேன். கடைசியில் நாளிதழ் தன் இணையக் காப்பகத்தில் அதைத் திருத்தியது. தாயின் பெயரும் மகனின் பெயரும் இப்போது அங்கே இருக்கின்றன. படத்தில் இல்லாத ஒருவரின் பெயரைச் சேர்க்க இயலாது என்று மகளின் பெயரை மட்டும் ஏற்க மறுத்துவிட்டார்கள். தொழில் விதிப்படி அவர்கள் சொன்னது சரிதான். அந்தப் பெயரைப் படக்கோப்புக்குள்ளேயே இருக்கும் விவரப் பகுதியில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன். என்னிடமிருந்து அந்தப் படத்தை யார் வாங்கினாலும், கோப்போடு சேர்ந்து அதுவும் போகிறது.