கூடுவது ஒரு கோளாறு, குறைவது ஒரு கோளாறு: என் டாப்-அப் சென்சார் கதை

ஆனி, ஆடி வந்துவிட்டால் குற்றாலத்துக்குச் சாரல், பாளையங்கோட்டைக்குக் காற்று. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று மழையையெல்லாம் மலைப்பக்கமே இறக்கிவிட்டு, இங்கே வரும்போது காய்ந்துபோய்த்தான் வரும். மாடியில் போட்ட துணி சீக்கிரம் உலரும். கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காற்றுதான் பெரிய வேலை.

என்னுடையது நாலடித் தொட்டி. கீழே ஸ்டாண்டுக்குள் இருக்கும் சம்ப் என்ற சின்னக் கீழ்த்தொட்டியையும் சேர்த்துச் சுமார் 200 லிட்டர். ஒரு ஜோடி கோமாளி மீன், இரண்டு கிளீனர் இறால், கொஞ்சம் நத்தைகள். மற்ற மாதங்களில் நாளொன்றுக்கு 3 லிட்டர் ஆவியானால், காற்று மாதங்களில் 5 லிட்டர் போய்விடும். போவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கும். போன அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தால்தான் உப்பளவு 35-இல், அதாவது லிட்டருக்குச் சுமார் 35 கிராமில், நிற்கும். இதைத் தானாகச் செய்யத்தான் ஆட்டோ டாப்-அப். சம்ப்பில் ஒரு சென்சார், பக்கத்தில் ஆர்.ஓ. தண்ணீர்க் கேன், கேனுக்குள் 12 வோல்ட் குட்டி மோட்டார். மட்டம் இறங்கினால் மோட்டார் ஓடும், ஏறினால் நிற்கும்.

அது திடீரென்று தாறுமாறாகப் போனது. ஒரு நாள் சம்ப் விளிம்புவரை தண்ணீர். இன்னொரு நாள் மட்டம் இறங்கிப்போய், மேலே தண்ணீர் ஏற்றும் பம்ப் காற்றை இழுத்துக் கரகரவென்று கத்துகிறது, தொட்டி முழுக்கப் பொடிக் குமிழி. விளிம்புவரை வந்தால் சும்மா விட முடியாது. கரண்ட் போனால் மேல்தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கீழே இறங்கும், அப்போது சம்ப் வழிந்து வீடெல்லாம் உப்புத் தண்ணீர் ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் மொண்டு வெளியே கொட்டினேன். கொட்டுவது உப்புத் தண்ணீர், அந்த இடத்துக்கு வந்திருப்பது வெறும் தண்ணீர். சில தடவை இப்படி நடந்ததும், உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 31 காட்டியது. மீன்கள் தாங்கின. இறால்கள்தான் பாறைக்கு அடியிலேயே கிடந்தன. அதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை.

கடையில் கேட்டால், "சென்சார் போயிட்டு, புதுசு மாட்டுங்க" என்றார்கள். அதற்குமுன் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று நினைத்தேன். என்னுடையது மிதவை இல்லாத, ஒளியால் பார்க்கும் வகை. கூம்பு மாதிரியான கண்ணாடி முனைக்குள் ஓர் அகச்சிவப்பு எல்.இ.டி., அதன் பக்கத்திலேயே ஒளியை வாங்கும் பகுதி. வெளியே காற்று இருந்தால் ஒளி முனைக்குள்ளேயே பட்டுத் திரும்பி வரும்: 'காய்ந்திருக்கிறது, மோட்டாரைப் போடு'. வெளியே தண்ணீர் இருந்தால் ஒளி அதற்குள் போய்விடும்: 'போதும், நிறுத்து'. ஆகவே முனையில் காற்றுக்குமிழி ஒட்டினால் தண்ணீருக்குள் இருந்துகொண்டே காய்ந்ததாகச் சொல்லும். வழவழப்பான பாசிப்படலம் ஈரத்தைப் பிடித்துவைத்தால், தண்ணீர் இறங்கிய பிறகும் நனைந்ததாகச் சொல்லும்.

சென்சாரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் முனையில் தேன்நிறத்தில் மெல்லிய படலம். விரலால் தொட்டால் வழுக்கியது. வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய டூத் பிரஷால் தேய்த்தேன். சொரசொரப்பான நார் போடவே கூடாது. கீறல் விழுந்தால் அந்த முனை அவ்வளவுதான். பிறகு ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து முக்கி முக்கி எடுத்துப் பார்த்தேன். எவர்சில்வர் டம்ளர் வேண்டாம். பளபளப்பான சுவர் ஒளியைத் திருப்பி அனுப்பி நம்மைக் குழப்பும். முக்கினால் மோட்டாருக்குப் போகும் ஒயரில் மல்டிமீட்டர் 0 காட்டியது, எடுத்தால் சில விநாடியில் 12. ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அதோடு மட்டம் இறங்கும் தொல்லை நின்றது. ஆனால் ஏறும் தொல்லை நிற்கவில்லை. மேற்கு ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் சென்சாரில் பட்டு ஏமாற்றுகிறதோ என்று கறுப்புத் துணி போர்த்திப் பார்த்தேன். மாற்றமில்லை. சொட்டு சொட்டாக ஏறாமல் இருக்க ட்யூபில் ஒரு செக் வால்வு போடச் சொன்னார்கள், போட்டேன். அதிலும் பயனில்லை.

கடைசியில் சென்சார் ஒயரையே சந்தேகப்பட்டு, சால்டரிங் வைக்க மோட்டார் காயில் கட்டும் அண்ணாச்சியிடம் போனேன். வீட்டு மாடித் தொட்டிகளின் மிதவை சுவிட்சையெல்லாம் நாள் முழுக்கப் பார்க்கிறவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "தண்ணி மோட்டார் ஓடும்போது கூடுதா, ஓடாம கூடுதா?" என்றார்.

"ஓடாம எப்படி அண்ணாச்சி கூடும்?"

"அடாப்டரப் புடுங்கிப் போட்டுட்டுப் பாத்தியளா? இல்லலா? மொதல்ல அதப் பாருங்க தம்பி. ஒயர்ல பொறவு கை வைக்கலாம்."

வீட்டுக்கு வந்து கேனை நிரப்பினேன். மோட்டாரை ஒரு தடவை ஓடவிட்டு, அடாப்டரைப் பிடுங்கினேன். சம்ப் கண்ணாடியில் தண்ணீர் மட்டத்தில் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் டேப் தண்ணீருக்குள் போயிருந்தது. மின்சாரமே இல்லாத மோட்டார் வழியாகத் தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது.

காரணம் கேன்தான். முன்பு ஆர்.ஓ. தண்ணீர் வைத்திருந்தது குட்டையான வாளி. அதில் விரிசல் விட்டதால் 20 லிட்டர் கேனுக்கு மாறியிருந்தேன். நிரம்பிய கேனின் மட்டம் சம்ப் மட்டத்தைவிட உயரம். வண்டியிலிருந்து பெட்ரோலை ட்யூப் வைத்து உறிஞ்சி எடுப்போமே, அதே வேலைதான். மோட்டார் ஒரு தடவை ட்யூபை நிரப்பிவிட்டால் போதும், அது நின்றாலும் தண்ணீர் உயரமான இடத்திலிருந்து தாழ்ந்த இடத்துக்கு ஓடும். இரண்டு மட்டமும் ஏறக்குறைய ஒன்றாகும்போதுதான் நிற்கும். என் தொட்டியில் அப்படி ஒரு தடவைக்கு 7 லிட்டர் வரை இறங்கியது. கேன் நிரப்பிய நாளில் மட்டும் தொல்லை, மற்ற நாளில் ஒன்றுமில்லை என்பதும் இதனால்தான். செக் வால்வு தண்ணீர் பின்னால் திரும்புவதைத்தான் தடுக்கும். முன்னால் போவதை அது ஏன் தடுக்கப்போகிறது?

ட்யூபின் நுனியைச் சம்ப் தண்ணீருக்கு மேலே தூக்கிக் கட்டினால் போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது. நுனி கேனின் மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்கும்வரை ஓட்டம் நிற்காது. ஒன்று, கேனின் முழு மட்டத்தைவிட நுனி உயரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மட்டத்துக்கு மேலே ட்யூபில் காற்று நுழைய ஒரு துளை வேண்டும். நான் துளை போட்டேன், கேன் வாய்க்குள்ளேயே, கீழ்நோக்கி. மோட்டார் ஓடும்போது அதில் கசியும் தண்ணீர் கேனுக்குள்ளேயே விழும். மோட்டார் நின்றதும் துளை வழியே காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். மறுபடி டேப் ஒட்டிப் பார்த்தேன். ராத்திரி முழுக்க மட்டம் ஏறவே இல்லை.

உப்பளவை ஏற்ற அவசரப்படவில்லை. ஒரே நாளில் ஒரு புள்ளிக்கு மேல் ஏறினால் இறாலுக்கு ஆகாது. மோட்டாரை நிறுத்தி வைத்துவிட்டு, ஆவியான 5 லிட்டருக்குப் பதில் 35 அளவில் கரைத்த உப்புத் தண்ணீரைக் கையால் ஊற்றினேன். 200 லிட்டருக்கு 175 கிராம் உப்பு கூடுகிறது, கணக்குப் போட்டால் ஒரு புள்ளிக்குச் சற்றுக் குறைவு. மேல்காற்றே அளவு பார்த்துக் கொடுத்தது. 35 வந்ததும் பழையபடி ஆர்.ஓ. தண்ணீர்.

இப்போது கேன் நிரப்பும்போதெல்லாம் அந்தத் துளையில் ஒரு ஊசியை விட்டு எடுக்கிறேன். அதிலும் பாசி அடைக்கும். மாதம் ஒரு முறை சென்சாருக்கு வினிகர்.