டீக்கடை பெஞ்சும் 180 டிகிரியும்

காட்பாடி டீக்கடையில் இருவர் பேசும் காட்சியைப் படமெடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். திரைக்கதையில் ‘அவனுக்குக் கடன் கவலை’ என்று எழுதினால் கேமராவுக்கு ஒன்றும் கிடைக்காது. ‘டீயில் ஆடை படிகிறது, அவன் போனையே பார்க்கிறான்’ என்று எழுதுங்கள். நடிப்பவர் எந்தச் சொல்லில், எந்தக் கையால் கிளாஸைத் தூக்கினாரோ, அதே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுக்கும் எல்லா டேக்கிலும் அப்படியே தூக்க வேண்டும். மாறினால் எடிட்டிங்கில் ஒட்டாது.

இருவரையும் இணைக்கும் கற்பனைக்கோட்டின் ஒரே பக்கம், 180 டிகிரிக்குள் கேமரா நிற்கட்டும். தாண்டினால் எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஒரே திசையைப் பார்ப்பதுபோலத் தெரியும். தாண்டிவிட்டாலும், கிளாஸின் குளோசப் ஒன்று கைவசம் இருந்தால் இடையில் செருகி ஓரளவு தப்பிக்கலாம்.

வேலூர் வெயிலில் உச்சிப்பொழுது வேண்டாம், கண்குழி கறுத்துவிடும். ரயில் சத்தம் வேறு! யாரும் பேசாமல் இடத்தின் சத்தத்தை மட்டும் 30 விநாடி பதிவுசெய்யுங்கள். வசன இடைவெளிகளை நிரப்ப உதவும். வேலூர்க் கோட்டைக்குள் எடுப்பதென்றால் முதலில் இந்தியத் தொல்லியல் துறை அனுமதி.