முட்டை சுமக்கும் சிங்க இறால்

திருகோணமலையின் திருக்கடலூரில் மாமாவின் வலையில் சில நேரம் வயிற்றடியில் செம்மஞ்சள் முட்டைகளோடு சிங்க இறால் ஏறும். உடனே கடலில் விட்டுவிடுவார். முட்டையோடு பிடிப்பது சட்டப்படி குற்றம். அதைவிட, அவருக்கு மனமும் வராது.

எங்கள் கடல் எப்போதும் வெதுவெதுப்புத்தான். ஜூனுக்கும் டிசம்பருக்கும் இடையே பகலின் நீளமும் ஏறத்தாழ ஒரு மணிநேரமே மாறும். இங்கே அவை வருசத்தில் பல தடவை முட்டையிடும், ஒரு மாதம் போலச் சுமந்தால் பொரித்துவிடும்.

வட அமெரிக்காவின் குளிர்கடலில் வாழும் பெரிய கொடுக்குள்ள இனமோ 9 முதல் 12 மாதம் சுமக்க வேண்டும். நீர் குளிரக் குளிர முட்டைக்குள் வளர்ச்சி மெதுவாகும். எப்போது முட்டையிடுவது என்பதை அது எப்படி அறிகிறது என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. மாரியில் நீர் நன்றாகக் குளிர்ந்தால் பகலின் நீளம் பெரிதாகப் பொருட்டில்லை. தொட்டியில் நீரை வெப்பமாகவே வைத்தால், பகல் குறுகி அப்புறம் நீள்வதை அடையாளமாக எடுத்துக்கொள்ளும்!

கடல் இன்னும் சூடானால் இவற்றுக்கு என்ன ஆகும் என்று மாமா கேட்டார். சூடான நீரில் ஒட்சிசன் குறையும், முட்டைகளுக்கோ அது கூடுதலாகத் தேவைப்படும் என்றேன். தாய் வாலடித் துடுப்புகளை ஓயாமல் அசைப்பது அதற்காகத்தான் மாமா.