மூன்று நிமிடம் எனக்கு வேலை இல்லை

புதுச்சேரியில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளன் என்றால் பென்ஷன் காகிதம், பிறப்புச் சான்றிதழ், எப்போதாவது ஒரு சொத்துத் தகராறு. இருபது வருடமாக அதுதான் என் பிழைப்பு. அதனால் மடகாஸ்கர் காட்டில் பத்து நாள் வேலை இருக்கிறது, வருகிறீர்களா என்று ஓர் ஒலிப்பதிவுக் குழு கேட்டபோது, என்ன விலங்கு என்றுகூடக் கேட்காமல் சரி என்றுவிட்டேன். குழுவுக்கு ஆங்கிலம். உள்ளூர் வழிகாட்டிக்கு மலகாசியும் பிரெஞ்சும். நடுவில் நான்.

விலங்கின் பெயர் இந்திரி. குரங்குக்குத் தூரத்து உறவான லெமூர் இனத்தில், இன்று உயிரோடிருப்பவற்றில் மிகப் பெரியது, 9 கிலோ வரை கனக்கும். கறுப்பும் வெள்ளையுமான உடம்பு. வால் என்று சொல்ல ஒரு சின்ன முளைதான் உண்டு. தலைநகர் அண்டனானரீவோவுக்குக் கிழக்கே சுமார் 150 கிலோமீட்டரில் உள்ள அந்தாசிபே மழைக்காட்டில் அதன் பாட்டைப் பதிவு செய்ய வேண்டும். மனித இசையில் இருப்பது போன்ற தாளக் கணக்கு இந்திரியின் பாட்டிலும் உண்டு என்று 2021ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. குழு அதைப் படித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தது.

இந்தப் பெயரே ஒரு மொழிபெயர்ப்புத் தகராறு. 1782ல் வெளிவந்த பயண நூலில் இதைப் பற்றி எழுதியவர் பியர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர். எங்கள் ஊர்ப் பக்கம் சுற்றியவர்தான். சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியல் பெயரில் இன்றும் இருக்கிறார். உள்ளூர்க்காரர் ஒருவர் மரத்தைக் காட்டி ‘இந்த்ரி’ என்றாராம். ‘அதோ’ என்று அர்த்தம். இவர் அதையே விலங்கின் பெயராக எழுதிக்கொண்டாராம். அதெல்லாம் கட்டுக்கதை, ‘எந்த்ரினா’ என்ற பழைய பெயர்தான் திரிந்தது என்பவர்களும் உண்டு. நான் அவர்கள் கட்சி. தொழில் பாசம்தான், வேறென்ன. எங்கள் வழிகாட்டி ஒருமுறைகூட இந்திரி என்று சொல்லவில்லை. அவருக்கு அது பாபகூட்டு.

முதல் நாளே நான் சறுக்கினேன். இதை வேட்டையாடுவார்களா என்று ஒலிப்பதிவாளர் கேட்டார். “இல்லை, அது ஃபாடி” என்றார் வழிகாட்டி. நான் ‘தடைசெய்யப்பட்டது’ என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எந்தச் சட்டம், எவ்வளவு அபராதம் என்று அடுத்த கேள்வி வந்தது. அதை அப்படியே பிரெஞ்சில் கேட்டதும் வழிகாட்டி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சட்டம் தனியாக இருக்கிறது, இது வேறு என்றார். அப்புறம் கதை சொன்னார். காட்டில் இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். ஒருவன் இறங்கிவந்து நிலத்தைக் கொத்திப் பயிர் செய்தான், மனிதனானான். மற்றவன் மரத்திலேயே தங்கிவிட்டான். காலையில் கேட்பது அவன் தம்பியை நினைத்து அழும் அழுகை.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு ரானுவுலா கொடுத்தார்கள். சோறு அடிப்பிடித்த பானையிலேயே தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்தது. தீய்ந்த வாசனையோடு அதைக் குடிக்கும்போது பாட்டி நினைவு வந்தது, கூடவே அந்தச் சொல்லும். “நம்ம வீட்டுக்குப் புடலங்காய் ஆகாது” என்பாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. ஃபாடி என்றால் ஆகாது! அவ்வளவுதான். எனக்குச் சம்பளம் தரும் இரண்டு மொழியிலும் அதற்குச் சரியான சொல் கிடைக்கவில்லை.

மறுநாள் அதைத் திருத்திச் சொன்னேன். வழிகாட்டி அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போயிருந்தார். வெளியூரிலிருந்து பிழைக்க வருகிறவனுக்கும், காட்டுக்குள் தங்கம் தோண்டுகிறவனுக்கும் இந்த ‘ஆகாது’ கிடையாது, இப்போது இறைச்சிக்காகக் கொல்கிறார்கள் என்றார். நெல்லுக்காகக் காட்டை வெட்டி எரிப்பது இன்னொரு பக்கம். பெண் இந்திரி இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும். சரி, மிருகக்காட்சிசாலையில் வளர்த்தால்? பிடித்துக் கொண்டுபோனவை எதுவும் நிலைக்கவில்லை. ‘நிலைக்கவில்லை’ என்பதை மட்டும் யோசிக்காமல் மொழிபெயர்த்தேன்.

இரண்டு நாள் மழையில் போயிற்று. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு மேல் ஒரு குடும்பத்தைக் கண்டோம். தாய் கிளையை வளைத்து, முற்றிய இலையை விட்டுவிட்டுக் கொழுந்தை மட்டும் வாயால் பறித்தாள். முதுகில் ஒரு கறுப்புக் குட்டி. ஆண் கீழ்க்கிளையில் தன் முறைக்குக் காத்திருந்தான்; அந்த வீட்டில் பெண்தான் முதலில் சாப்பிடுவாள். மாமிகளிடம் சொல்ல வேண்டிய செய்தி என்று குறித்துக்கொண்டேன்.

திடீரென்று ஓர் உறுமல். அடுத்து நீளமான ஊளை, மேலே ஏறி மெல்லச் சரிந்தது. முடிவதற்குள் இன்னொன்று சேர்ந்துகொண்டது. எங்கள் பக்கம் சாவு வீட்டில் ஊதும் சங்குதான் நினைவுக்கு வந்தது. மலைக்கு அந்தப் பக்கமிருந்து வேறொரு குடும்பம் பதில் கொடுத்தது. ஒலிப்பதிவாளர் கையை உயர்த்தியபடி அசையாமல் நின்றார். வழிகாட்டி எதுவும் சொல்லவில்லை. யாருக்கும் நான் தேவைப்படவில்லை.

மூன்று நிமிடம் இருக்கும். கூலி மணிக்கணக்கில்தான். ஊர் திரும்பி பில் எழுதும்போது அதையும் சேர்த்தே எழுதினேன்.